குனிந்தே கிடந்த காலை வணக்கம்

முன்னொரு காலத்தில், அரசர் கையிலும் ஆடு மேய்ப்பவர் கையிலும் கைப்பேசி இருந்த ஒரு நாட்டில், கீர்த்திவளவன் என்ற அரசருக்கு ஓர் ஆசை வந்தது. குடிமக்கள் எல்லோரும் தன்னோடு நேரடியாகப் பேச வேண்டும்! உடனே 'அரசரும் நாமும்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். பதினோராயிரம் பேர் சேர்ந்தார்கள்.

விடிந்தால் போதும், ரோஜாப்பூ, சூரியன், ஆவி பறக்கும் காபி என்று காலை வணக்கப் படங்கள் கொட்டும். 'வடக்கு மதகு கசிகிறது' என்று ஏரிக் காவலர் போட்ட செய்தி அந்தப் பூக்களுக்குள் புதைந்தது. மதகு உடைந்து நாற்றங்கால்கள் மூழ்கிய பிறகுதான் அரசர் அதைப் பார்த்தார்.

சபை கூடியது.

"பொருள்வாரியாகப் பத்துக் குழுக்களாகப் பிரிக்கலாம், அரசே," என்றார் தளபதி.

"பத்திலும் பூதானே வரும்?"

"ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே செய்தி..."

"அந்த ஒன்றும் ரோஜாவாகத்தான் இருக்கும்!" என்று எரிந்து விழுந்தார் அரசர்.

அமைச்சர் மகுடேசருக்கு அரசவை விகடகவி தேனப்பனைக் கண்டாலே ஆகாது. மெல்ல எழுந்தார். "குழுவைத் தேனப்பனிடம் ஒப்படையுங்கள், பிரபு. ஒருவரையும் நீக்கக் கூடாது. ஒருவர் வாயையும் அடைக்கக் கூடாது. ஆனால் மூன்று நாளில் வெட்டிச் செய்திகள் நிற்க வேண்டும். முடியாவிட்டால் அவன் சபையை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

தேனப்பன் தலையைச் சொறிந்தான். "ஒரே ஒரு சந்தேகம், அரசே. அந்தக் குழுவும் தங்கள் சபைதானா?"

"இதென்ன கேள்வி? என் சபையேதான்."

"இங்குள்ள முறைதான் அங்கும்?"

"அணுவளவும் மாறாமல்!"

அதையே ஆணையாக எழுதி, முத்திரை வாங்கி, குழுவில் போட்டான் தேனப்பன். அடுத்த நிமிடமே அறுநூறு பூக்கள் அதை மூடிவிட்டன. ஒருவரும் படிக்கவில்லை. இரண்டு நாள் அவன் வேர்க்கடலை கொறித்தபடி சும்மா இருந்தான். மகுடேசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு தேனப்பன் காவலர்களிடம் மட்டும் அந்த ஆணையைக் காட்டி, 'நாளை முதல்' என்றான்.

மூன்றாம் நாள் விடியலில் மகுடேசரே முதல் ஆளாகத் தாமரைப் படம் போட்டார்: 'மாமன்னருக்குக் காலை வணக்கம்.' உடனே வாசலில் காவலர்கள் வந்து நின்றார்கள்.

"ஐயா, குனியுங்க."

"என்னடா உளறுற?"

"சபை முறைங்க. அரசருக்கு வணக்கம் சொன்னவங்க, அவர் பதில் வணக்கம் சொல்ற வரைக்கும் தலை நிமிரக் கூடாதுங்களே. ஆணை குழுவுலயே இருக்கு."

அரசரோ அன்று நந்தவனத்தில் இருந்தார். அவருடைய கைப்பேசி அரசியின் மடியில், மல்லிகைச் சரத்துக்கு அடியில் கிடந்தது. "ஊரே வணக்கம் சொல்லியாச்சு. நான் சொல்றதை எப்போ கேட்பீங்க?" என்றாள் அரசி. அவர் உட்கார்ந்து கேட்டார்.

நண்பகலில் அவர் சபைக்கு வந்தபோது வழியெங்கும் முதுகுகள். சபைக்குள்ளும் முதுகுகள்.

"பிரபு... பதில் வணக்கம்..." என்று தரையைப் பார்த்து முனகினார் மகுடேசர்.

"தேனப்பா, என்ன இது?"

"யாரையும் நீக்கவில்லை, அரசே. வாயையும் அடைக்கவில்லை, குனிந்தபடியும் பேசலாமே! விஷயம் பரவியதிலிருந்து குழுவுக்கு ஒரே ஒரு செய்திதான் வந்திருக்கிறது."

அரசர் பார்த்தார். ஒரு படகோட்டி எழுதியிருந்தார்: 'தெற்குப் பாலத்துல ஒரு பலகை ஆடுது சாமி. பிள்ளைங்க நடக்குற வழி.' அப்போதே தச்சர்களை அனுப்பினார். பிறகு எல்லோருக்கும் கைகூப்பினார். நூறு முதுகுகள் நிமிர்ந்த சத்தத்தில் மண்டபமே முறிந்ததுபோல் இருந்தது.

அரசருக்குச் சிரிப்பு பொங்கியது. குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போடப் போனார்.

"வேண்டாம், அரசே!" என்று பாய்ந்தான் தேனப்பன். "அரசர் சிரித்தால் சபை முழுதும் சிரிக்க வேண்டும் என்பதும் முறைதானே? பதினோராயிரம் பொம்மைகள் வரும்!"

அரசர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்க வாயாலேயே சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றினார். அதை வாங்கத் தேனப்பன் தலை குனிந்தான்.

"நிமிர்ந்தே வாங்கிக்கொள், தேனப்பா," என்றார் அரசர். "இன்றைக்குக் குனிந்தவர்கள் போதும்."