முள்ளம்பன்றியிடம் கேட்காத கேள்வி

குளக்கரைக் காட்டில் பொன்னாத்தா என்ற முள்ளம்பன்றி வைத்தியம் பார்த்து வந்தாள். யாருக்குக் கட்டி வந்தாலும் தன் கூர்முள்ளால் கீறிச் சீழெடுத்துப் பச்சிலை வைத்துக் கட்டுவாள். கைராசிக்காரி என்று காடே சொல்லும்.

ஒருநாள் செவத்தி என்ற முயலின் குட்டிக்குக் காலில் கட்டி. பொன்னாத்தா கீறிவிட்டாள். மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது. பெற்ற வயிறு எரியாதா? நீதி சொல்லும் காட்டெருமை கொம்பையாவிடம் செவத்தி ஓடினாள்.

"ஐயா! அவள் முள்ளில் விஷம் இருக்கிறது! என் பிள்ளையைக் கொன்றுவிட்டாள்!"

கொம்பையா நல்லவர்தான். ஆனால் துளியும் பொறுமை கிடையாது. வெயில் ஏறினால் மந்தைகள் தண்ணீருக்கு வந்துவிடும். அதற்குள் வழக்கை முடிப்பதுதான் அவர் வழக்கம்.

"பொன்னாத்தா வந்துவிடட்டுமே" என்றது அங்கே இருந்த ஒரு ஆமை.

"அவள் எங்கோ குரங்குக்குக் கட்டி கீறுகிறாளாம்! செத்த குட்டியே சாட்சி, வேறென்ன வேண்டும்?" என்றார் கொம்பையா.

பொன்னாத்தா மூச்சிரைக்க ஓடி வந்தபோது தீர்ப்பு சொல்லி முடித்தாயிற்று.

"நீ செவத்தியின் குட்டியைக் கொன்றாய். உன் முட்களைப் பிடுங்கப் போகிறோம்!"

"ஐயோ, குட்டி செத்துவிட்டதா! எனக்கு யாருமே சொல்லவில்லையே! ஐயா, செவத்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்!"

"தீர்ப்புக்குப் பிறகு கேள்வி என்ன கேள்வி!"

கூர்முள் ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குளத்தில் எறிந்தார்கள். நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பத்து நாள் போனது. செவத்தியின் அடுத்த குட்டிக்கும் காலில் கட்டி வந்து வீங்கியது. வைத்தியம் தேடிக் காடெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் பொன்னாத்தாவின் வளைக்கே குட்டியைத் தூக்கி வந்தாள்.

"அக்கா! என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இவனைக் காப்பாற்று!"

"திட்டுவதற்கு நேரமில்லை. அன்றைக்குக் கேட்க நினைத்ததை இன்றைக்காவது சொல். மூத்தவன் புண்ணில் எதையாவது வைத்தாயா?"

"எரிகிறது, எரிகிறது என்று அழுதான். மனசு கேட்கவில்லை. பச்சிலையைப் பிரித்துவிட்டுக் குளத்துச் சேற்றை அப்பினேன்."

சொல்லும்போதே, பிள்ளையைக் கொன்றது அந்தச் சேறுதான் என்று செவத்திக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ! என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சேதி கேட்டுக் கொம்பையா ஓடி வந்தார்.

"தப்பு செய்துவிட்டேன், பொன்னாத்தா! தீர்ப்பை மாற்றிவிடுகிறேன்!"

"மாற்றுங்கள், ஐயா. ஆனால் முள் முளைக்க அடுத்த மழைக்காலம் ஆகும். இந்தக் கட்டியை இப்போதே கீற வேண்டுமே!"

பொன்னாத்தா பல்லால் கீறிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். சீழ் இருந்த ஆழத்துக்கு எதுவும் எட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்தக் குட்டியும் கண்ணை மூடிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் தண்டித்தால், அந்தத் தண்டனையை ஒரு பாவமும் அறியாதவர்களும் சேர்ந்து அனுபவிக்க வேண்டி வரும்.