நீல பியட்டின் பழைய ஒட்டு

போத்தனூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஜெயசீலன், எப்படி நசுங்கிய காரையும் நேராக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நீல நிற பியட் காரை நேராக்கிக் கொடுத்த நாளிலிருந்து, தான் செய்தது சரியா தப்பா என்று விளங்காமல் தவிக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

காரைக் கொண்டுவந்தவள் பூங்கோதை. கல்லூரியில் கணக்கு சொல்லித் தருபவள், வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வயதில் அந்தக் காரை அவள் ஓட்டிப் போனபோது, பிரேக் பிடித்ததும் இடதுபக்கம் இழுத்துப் புளியமரத்தில் மோதிவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பி தயாளனின் முழங்கால் அதன்பிறகு மடங்கவே இல்லை. "வண்டி தானா இழுத்துச்சு" என்று அவள் அழுததை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. போகப்போக அவளுக்கே அது சந்தேகமாகிவிட்டது. அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிய காரில் இருபத்து நான்கு வருடம் யாரும் கை வைக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"இதை நேராக்கிக் குடுங்கண்ணா. ஒரு தடவையாவது நான் ஓட்டிப் பார்க்கணும்," என்றாள். "உள்ள என்ன இருந்தாலும் எங்கிட்ட மறைக்காமச் சொல்லணும்."

"சொல்றேனுங்மா," என்றார் ஜெயசீலன். எல்லோரும் கேட்பதுதானே என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாதிரிக் காருக்கு அடியில் தாங்கிப் பிடிக்கத் தனி இரும்புச் சட்டம் கிடையாது. தரை, பக்கங்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. ஒரு மூலையில் விழுந்த அடி எதிர்மூலை வரை முறுக்கிவிடும். ஜெயசீலன் கூட்டை இரும்பு மேடையில் ஏற்றி, சங்கிலி மாட்டி, அடிபட்ட முன்பக்கத்தை நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். முன்பக்கம் நேரானது. பின்பக்கம் வலது மூலை மட்டும் பதினொரு மில்லிமீட்டர் தாழ்ந்தே நின்றது. மறுபடி அளந்தார். மேடையே சாய்ந்திருக்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மேடை சரியாகத்தான் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு பின்சீட்டுக்கு அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டினார். அங்கே, கிழிந்த தகரத்தின் மேல் ஒரு பழைய வெல்டிங் ஒட்டு. மரத்தில் மோதுவதற்கு முன்பே அந்தக் கார் வேறெங்கோ அடி வாங்கியிருந்தது.

மறுநாள் பூங்கோதையின் அப்பா நாச்சிமுத்து வேலையைப் பார்க்க வந்தார். எண்பது வயது. ஒட்டைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பண்ணுனதுதானுங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப பாலத்துச் சுவர்ல மோதிட்டேன். ஊட்ல தெரியாம ஒட்டுப் போட்டு வாங்கிட்டேன். அப்பறம் பிரேக் புடிச்சா இழுக்கும். எனக்குக் கை பழகிப்போச்சு. புள்ள எடுத்துட்டுப் போவான்னு நெனைக்கலீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்கய்யா?"

"பையன் ஆஸ்பத்திரில கெடந்தான். அன்னிக்கு வாய் வரல. அதுக்கப்பறம் எப்பவுமே வரல." பெரியவர் ஜெயசீலனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானே அவகிட்டச் சொல்லிப்போடறேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்கய்யா," என்றார் ஜெயசீலன். பெரியவர் போன பிறகுதான், ஒரே விஷயத்துக்கு அப்பாவிடம் ஒரு வாக்கும் மகளிடம் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டது உறைத்தது.

மூன்று வாரம் காத்திருந்தார். பெரியவர் சொல்லவில்லை. முறுக்கை எடுக்க வேண்டுமானால் அந்த ஒட்டை வெட்டியாக வேண்டும். வெட்டிவிட்டால், பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வெட்டுவதற்கு மெஷினை எடுத்த காலையில் பூங்கோதை வந்து நின்றாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?"

ஜெயசீலன் வாய் திறக்கவில்லை. கைவிளக்கை எடுத்து ஒட்டின் மேல் பிடித்தார்.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "எனக்கு முன்னாடி அப்பாவைத் தவிர வேற யாரும் இதை ஓட்டினதில்லை," என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப எம்மேல தப்பில்லையாண்ணா?" என்று கேட்டாள்.

"கூடு முறுக்கியிருந்தா வண்டி இழுக்குமுங்மா. அன்னிக்கு எவ்வளவு இழுத்துச்சு, நீங்க எவ்வளவு வேகத்துல போனீங்கன்னு இந்தத் தகரத்தைப் பாத்து எப்படிங்க சொல்றது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இதைப் பார்த்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். அதற்கும் தலையாட்டினார் ஜெயசீலன்.

ஒட்டை வெட்டி, புதுத் தகரம் வைத்து, முறுக்கை எடுத்தார். காரை எடுத்துப்போகும் நாளில் அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். நாச்சிமுத்து காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மகளுக்கு எதிரில் நின்றார். 

"கண்ணு, இந்த வண்டியப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ரொம்ப நாளா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா," என்று சிரித்தாள் பூங்கோதை. "ஏறுங்க."

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். எதிரே இருந்த மைதானத்தில் அவள் மெல்ல ஓட்டினாள். பிரேக் பிடித்தாள். கார் நேராக நின்றது. அப்பாவின் முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா? ஜெயசீலனுக்கு அதுவும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு நாச்சிமுத்து அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தாமதமாகச் சொல்ல வந்த அப்பா, வாய் திறக்காமல் விளக்கைக் காட்டிய ஜெயசீலன், சொல்ல வந்தவரைத் தடுத்த மகள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: விளக்கைக் காட்டுவதும் சொல்வதுதான், ஜெயசீலன் பெரியவருக்குக் கொடுத்த வாக்கை மீறினார். உங்கள் மகளுக்கு ஏற்கனவே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெரியவரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பூங்கோதை, தான் இத்தனை வருடம் கேட்க ஏங்கிய சொல்லை, அது வாசல்வரை வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டாள். இருபத்து நான்கு வருடம் மறைத்துத் தப்புச் செய்தவர் நாச்சிமுத்து. ஆனாலும் அந்தக் கடைசி நாளில், சொல்ல வேண்டியவளின் முன்னால் நின்று வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் செய்தது சரி. இந்தத் தீர்ப்பை ஜெயசீலனிடம் சொன்னபோது, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தம்மா சிரிச்சாங்களே, அது மன்னிச்ச சிரிப்பா, மன்னிக்காத சிரிப்பா?"