எட்டு வேலையும் எரிந்த அங்கவஸ்திரமும்

ரொம்பக் காலத்துக்கு முந்தி நெடுங்கரை நாட்டை உக்கிரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் சபையில் மருதநம்பி என்று கெட்டிக்கார மந்திரி ஒருவர். அவரைக் கண்டாலே வயிறு எரிகிற புலவன் ஒருத்தன். அந்தப் புலவன் வேறு யாருமில்லை, அடியேன்தான்.

ஒருநாள் ராஜாவுக்கு ஒரு யோசனை முளைத்தது. "எதற்கு இத்தனை பேருக்குச் சோறு போடுகிறேன்? சகலமும் தெரிந்த ஒரே ஆள் போதாதா?" வெளியூர் வைத்தியர் ஒருவர் மூளையைக் கூராக்கும் லேகியத்தோடு வந்து நின்றார். நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன்.

"எனக்கு இருக்கிற மூளையையே மேய்க்க முடியவில்லை, மகாராஜா" என்று மருதநம்பி ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு மண்டலம் லேகியத்தை நக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. வைத்தியம், வானசாஸ்திரம், யானை சாஸ்திரம் எல்லாம் மண்டைக்குள் வந்து குந்திக்கொண்டன. ரசத்துக்கு எத்தனை மிளகு என்று வீட்டுக்காரிக்குப் பாடம் எடுத்தேன். அன்றோடு எனக்கு ரசம் நின்றுபோனது.

தலைக்கனம் விடுமா? "எட்டு வேலையை ஒரே நேரத்தில் செய்து காட்டுகிறேன், மகாராஜா. ஜெயித்தால் மந்திரி பதவி எனக்கு" என்றேன்.

"தோற்றால் நாட்டை விட்டே போய்விட வேண்டும்" என்றார் ராஜா.

"எனக்குச் சம்மதம். புலவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார் மருதநம்பி.

மறுநாள் சபையில் வெண்பா கட்டினேன், சதுரங்கம் ஆடினேன், முதுகில் ஒருவர் எறிந்த கற்களையும் இன்னொருவர் அடித்த மணியையும் எண்ணினேன், மிச்ச நாலு வேலையையும் விடவில்லை. பக்கத்தில் குத்துவிளக்கு. மருதநம்பி தன் அங்கவஸ்திரத்தின் நுனியைச் சுடரில் காட்டியதைப் பார்த்தேன். அது பற்றிக்கொண்டதையும் பார்த்தேன். கடைசியில் ராஜாவே சிம்மாசனத்திலிருந்து குதித்து ஓடிவந்து, பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்து அணைத்தார்.

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "கல் இருபத்தேழு. மணி பத்தொன்பது. மந்திரியின் அங்கவஸ்திரம் எரிந்தது இரண்டு சாண். எதுவும் தவறவில்லை, மகாராஜா."

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். ஒருத்தரும் தட்டவில்லை.

"பார்த்துவிட்டு அளந்துகொண்டா இருந்தாய்?" என்ற ராஜா, தன் பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினார். "இவனைக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் தள்ளுங்கள்."

"பொறுங்கள், மகாராஜா." மருதநம்பி கையை விரித்தார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. "புலவர் எழுந்து வருவார் என்று கொஞ்சம் அதிக நேரம் நம்பிவிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "தீப்புண்ணுக்கு மருந்து தெரியுமா, புலவரே?"

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினோரு மருந்து தெரியும், ஐயா. முதலாவது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை ஊதிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, சோற்றுக்கற்றாழை வெட்டத் தோட்டத்துக்கு ஓடினேன்.