படுக்கச் சொல்லும் நேரம்

“உடம்பு போற இடத்துக்கெல்லாம் மனசும் கூடவே வரும்னு இருந்துடாதே” என்றோ, அதை ஒட்டிய வேறெதோ ஒன்றையோ, தில்லைநாயகத்தின் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். ரசம் ஊற்ற ஆள் வந்துவிட்டதால் மிச்சம் காதில் விழவில்லை.

தில்லைநாயகம் மதுரையில் குடிநீர்ப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமளம் இறந்த பிறகு தூக்கமும் அவரை விட்டுப் போயிற்று. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே வந்தது. இதற்குமேல் கூட்டினால் உடம்பு தாங்காது, யோகா பழகுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எந்த யோகா என்று டாக்டர் சொல்லவில்லை.

தில்லைநாயகம் ஒரு வகுப்பு விடாமல் ஏறி இறங்கினார். தெருமுனை வகுப்பில் ஒவ்வொரு ஆசனத்திலும் நெடுநேரம் நிற்க வைத்தார்கள். இன்னொரு இடத்தில் நிற்கவே விடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி வியர்த்துக் கொட்டியது. வேறொரு இடத்தில் மரக்கட்டையும் பெல்ட்டும் கொடுத்து முதுகை நிமிர்த்தினார்கள். மற்றொன்றில் மூச்சு மட்டும்தான். எதிலும் அவர் நிலைக்கவில்லை. “யோகா கத்துக்கிறீங்களா, டெண்டர் விடுறீங்களாப்பா?” என்று மகள் போனில் கேட்டாள்.

கடைசியில், தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் மங்கையர்க்கரசி என்றொரு குரு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். குருவுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவாக இருக்கும். கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தில்லைநாயகம் ஒவ்வொரு முறையின் நிறைகுறைகளையும் விலாவாரியாக எடுத்துச் சொன்னார். குரு கொட்டாவி விடாமல் கேட்டார்.

“புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு இதுல எதும்மா சரி?”

குரு, கற்றதையெல்லாம் செய்துகாட்டச் சொன்னார். அவர் செய்தார். நிற்பது, தாவுவது, நிமிர்வது, மூச்சு. எதுவும் சோடை போகவில்லை.

“நல்லா வருதே, ஐயா. இதையெல்லாம் எப்படி முடிப்பாங்க?”

“முடிக்கிறது மட்டும் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். மல்லாக்கப் படுக்கச் சொல்வாங்க.”

“சவாசனம். அதையும் காட்டுங்க.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

“அதுக்கு முன்னாடி நான் கிளம்பிடுவேன். பஸ்ஸைப் பிடிக்கணும்ல.”

“தெருமுனைக்கும் பஸ்ஸா, ஐயா?”

தில்லைநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பிறகு தணிந்த குரலில் சொன்னார். கோமளத்தைக் கூடத்தில் கிடத்தியபோது அவளும் அப்படித்தான் இருந்தாள், மல்லாந்து. சடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரோ வெள்ளைத் துணியை நாடாவாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்கள்.

“கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினது நான்தாம்மா. முடிச்சு நிக்கலை. அவுத்துட்டு மறுபடியும் கட்டினேன். இப்ப நான் கண்ணை மூடிப் படுத்தா, என் காலும் தானா சேர்ந்துக்குது. எந்திரிச்சுடறேன். வகுப்புலயும் சரி, வீட்டுக் கட்டில்லயும் சரி.”

குரு எழுந்து போய் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். பாயின் ஓரத்தைக் கையால் நீவிவிட்டுக் காத்திருந்தார்.

தில்லைநாயகம் உட்கார்ந்தார். கையை ஊன்றி, மெல்லச் சாய்ந்து படுத்தார். பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விரல்கள் விறைத்திருந்தன.

குரு அவருடைய கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். பெருவிரல்கள் இரண்டுக்கும் இடையே தன் சுண்டுவிரலை ஒருமுறை நுழைத்து எடுத்தார்.

“அவங்க காலைக் கட்டியிருந்துச்சு, ஐயா. உங்க காலை யாரும் கட்டலை. அகட்டி வைங்க.”

வெகுநேரம் கழித்துக் கால்கள் விலகின.

ஊர் திரும்பியதும் தெருமுனை வகுப்பிலேயே சேர்ந்து, படுக்கச் சொல்லும் நேரத்திலும் இருந்துவிடுவது என்று தீர்மானித்தார்.