உள்ளே மாட்டிய கோட்டு

"சரக்கு இருக்கு. விலாசம் இருக்கு. தூக்கிட்டுப் போக ஆளும் இருக்கு, வாசலும் இருக்கு. அப்புறம் ஏன் மேடம் உள்ளே காலியா இருக்கு?"

கேட்டவர் டாக்டர் அருளப்பன். ஆயுசில் பாதியைக் குழந்தை வைத்தியத்தில் கழித்துவிட்டு, தன்னைவிட வயதில் நன்றாகவே இளைய பேராசிரியர் நஸ்ரீனிடம் மாணவராக வந்து உட்கார்ந்திருந்தார்.

அவரை அங்கே கொண்டுவந்தது ஒரு பச்சைக் குழந்தையின் சாவு. அதன் செல்களில் பெராக்ஸிசோம் என்னும் குட்டிப் பைகள் வெறுமையாகக் கிடந்தன. கொழுப்பை உடைக்கும் புரதங்கள் வெளியே தயாராகி அந்தப் பைக்குள் போக வேண்டும். போகவில்லை.

இப்போது அந்தத் தாய் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். எந்த மரபணுவில் பிழை என்று தெரிந்தால்தான் வயிற்றில் இருப்பதைச் சோதித்துச் சொல்ல முடியும்.

விலாசத்தோடு உள்ளே போக வேண்டிய புரதம், அதைச் சுமக்கும் புரதம், வாசல் புரதம் என்று எல்லாவற்றின் மரபணுவையும் அலசிவிட்டார். எதிலும் குறையில்லை.  அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாகவும் இருந்தது.

நஸ்ரீன் ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஆய்வகத்தின் கடுங்குளிர் உறைஅறையில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

கேள்வி கேட்டால் எடுபிடி வேலையா? அருளப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார்.

போன வேகத்தில் பெட்டியோடு திரும்பினார்.

"வைக்கலையா டாக்டர்?"

"கோட்டு இல்ல, மேடம்."

அங்கே இருப்பது ஒரே ஒரு கம்பளிக் கோட்டு. அதைப் போடாமல் யாரும் உறைஅறைக்குள் கால் வைப்பதில்லை. வெளியே வந்ததும் கழற்றிக் கதவோர ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

"தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல, உள்ளே தொங்குது. கண்ணாடி வழியாத் தெரியுது." அசடு வழிந்தார். "நேத்து அவசரத்துல நான்தான் உள்ளேயே கழட்டி மாட்டிட்டேன்."

"கதவு ரிப்பேரா?"

"இல்ல."

"பெட்டியில ஏதாவது கோளாறா?"

"அதுவும் இல்ல."

நஸ்ரீன் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு கோட்டு வாங்கச் சொல்கிறாரா? தன்னைக் கேலி செய்கிறாரா? ஐஸ் உருகி அவர் செருப்பில் சொட்டியது.

சட்டென்று பெட்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், சுமந்துட்டு உள்ளே போன ஆளைத் திரும்ப வெளியே இழுத்துவிடுறது யாரு? அந்தப் புரதத்தோட மரபணுவை நான் பார்க்கவே இல்லையே!"