செங்கமலம் போட்ட மல்பெரி டீ

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தாளாம். மலை மேல, தாண்டிக்குடிப் பக்கம். பேரு செங்கமலம். என்னை மாதிரியான்னு கேக்காத, உன்னைவிடக் கொஞ்சம் கம்மிதான். ம் சொல்லு.

அவ வீட்டுப் பின்னாடி ஒரு மல்பெரி மரம். கறுத்த பழமாப் பறிச்சு, இஞ்சி தட்டிப் போட்டு, தளதளன்னு கொதிக்க வெச்சு, வடிகட்டி, வெல்லம் கலந்து குடுப்பா பாரு, தெருவே டம்ளரோட வந்து நிக்கும்.

அப்போ அவளைப் பொண்ணு பாக்க பொன்னுரங்கம்னு ஒருத்தன் அவன் அம்மாவோட வந்தான். செங்கமலத்துக்கு ஒரே கவலை. எதைக் குடுத்தாலும் தலையாட்டுற ஆளா இருந்தா எப்படிக் காலம் தள்றது? அதனால அவன் அம்மாவுக்கு நல்ல டீ போட்டா. அவனுக்கு மட்டும் பழுக்காத சிவப்புக் காய்ல, வெல்லமே இல்லாம!

அவன் ஒரு வாய் உறிஞ்சுனான். சர்ர்ர்ர்... மூஞ்சி சுருங்கிப் போச்சு. அம்மா முழங்கையால ஒரு இடி. "எவ்வளவு ருசியா இருக்கு! மூஞ்சியப் பாரு!"

"நல்லா இருக்குங்க"ன்னான்.

அப்புறம் எலுமிச்சம்பழம் புழிஞ்சு இன்னொரு டம்ளர். மடக், மடக். கண்ணுல தண்ணி. "ரொம்ப நல்லா இருக்குங்க."

அவளுக்குச் சப்புனு ஆயிடுச்சு. ஆளு பாக்க லட்சணமா வேற இருக்கான்! தூங்கிட்டியா? ம்... சரி, மூணாவது டம்ளர்ல புளியே கரைச்சுட்டா.

அவன் வாய்கிட்ட கொண்டு போனான். டொக்குனு கீழ வெச்சுட்டான்.

"மன்னிச்சிருங்க. பல்லு கூசுது. முதல் டம்ளரே குடிக்க முடியலங்க."

அவன் அம்மா தலைல கை வெச்சுட்டா.

செங்கமலம் களுக்குனு சிரிச்சா. "இதைச் சொல்ல மூணு டம்ளரா?"

"அப்போ வேணும்னேதான் போட்டீங்களா?"

"ஆமா."

விறுவிறுன்னு எந்திரிச்சு வெளிய போனான். ஐயோ, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டானேன்னு அவளுக்குத் திக்குனு ஆச்சு. பாத்தா, கை நிறைய கறுத்த பழத்தோட பின்வாசல்ல வந்து நிக்கிறான்!

"அடுப்பு எங்க? இப்ப நான் போடறத நீங்க குடிங்க."

கொதிக்க வெச்சான், வடிச்சான், ஆத்திக் குடுத்தான். அவ குடிச்சுப் பாத்தா.

"வெல்லம் கூடிப்போச்சு."

"அப்போ கூடவே இருந்து அளவு சொல்லுங்களேன்."

அவளுக்கு வெக்கம் வந்துடுச்சு. மறுபடியும் டம்ளரை நீட்டுனா. அவன் அம்மா தாம்பூலத் தட்டைத் தூக்கிட்டு வந்துட்டா.

டம்ளரும் காலி, கதையும் காலி. கண்ண மூடு, தங்கம்.