வாசலில் நின்ற தேநீர்

மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அங்கே பறிக்கிற கொழுந்தில் நல்லதெல்லாம் கப்பலேறிப் போய்விடும். மிச்சம் கிடக்கிற தூள், பறித்தவர்கள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்கு வரும். அந்தத் தூளில் பிறந்த ஒரு தேநீரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கறுப்பு நிறம், சூடான உடம்பு, ஓயாத வாய். அங்கே கொழுந்து பறிக்கிற தங்கபுஷ்பம் என்றால் அந்தத் தேநீருக்கு உயிர். விடியலில் அவளை எழுப்புவது அதுதான். அட்டை கடித்த காலோடு அவள் மேடேறும்போது தெம்பு கொடுப்பதும் அதுதான். "நான் இல்லன்னா இவ பாடு என்ன ஆகும்!" என்று பிளாஸ்க்கிடம் பெருமையடித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்க் பழசு, பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்.

மதியம் கங்காணி விசில் ஊதினால் சாப்பாடு. மறுபடி ஊதினால் வேலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது துளி நேரம். அதனால் அங்கே எல்லாப் பெண்களுக்கும் ஒரே பழக்கம்: ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு டீ. தோட்டத்து டிஸ்பென்சரியில் ரத்தம் ஊறக் கொடுக்கிற சிவப்பு இரும்பு மாத்திரையும் அந்த டீயோடுதான் இறங்கும். தண்ணீரோடு போட்டால் துரு நாற்றம் தொண்டையிலேயே நிற்கிறதாம்.

தங்கபுஷ்பம் அப்போது மாசமாக இருந்தாள். டிஸ்பென்சரி சிஸ்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"வெளுத்துக் கிடக்கு. மாத்திரைய வாயில போடுறியா, ஓடையில போடுறியா?"

"சத்தியமா முழுங்குறேன் சிஸ்டர். முருங்கைக்கீரையும் தினம் திங்கேன்."

"அப்போ ரத்தம் எங்க போச்சு? உன்னைய மட்டும் சொல்லல, இந்தத் தோட்டமே இப்படித்தான் பொய் சொல்லுது. அடுத்த தடவை வரும்போதும் ஏறலன்னா இங்க பிரசவம் பாக்க மாட்டேன். வலி எடுத்ததும் கீழ டவுனுக்குத்தான் போகணும்."

டவுன் என்றதும் தங்கபுஷ்பத்துக்கு எஸ்தர் நினைவு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி; போன மழையில் அவளைப் பிரசவ வலியோடு ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். அத்தனை மலை வளைவுகளையும் தாண்டுமுன், வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கபுஷ்பம் கீரைச்சோற்றைப் பிசைந்தாள். மாத்திரையை நாக்கில் வைத்து டீயை ஊற்றினாள். எல்லாம் ஒன்றாக உள்ளே இறங்கின.

வயிற்றுக்குள்ளே ரத்தத்தின் வீட்டுக்கு ஒரு வாசல் உண்டு. கீரையிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் வந்த இரும்பு அந்த வாசலை நோக்கி நடந்தது. பேர்தான் இரும்பு; ஆனால் சரியான கூச்ச சுபாவம். யாராவது கையைப் பிடித்தால் உதறத் தெரியாது.

"அடடே, வா வா! எங்க இவ்வளவு அவசரம்? நேத்து விட்ட கதைய முடிக்க வேணாமா?" என்று தேநீர் ஓடிவந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள போகணும். புஷ்பத்துக்கு ரத்தம் கம்மியாம்," என்றது இரும்பு தயங்கித் தயங்கி.

"போகலாம், போகலாம். வாசல் எங்க ஓடிப் போகுது?"

வழக்கம்போலப் பேச்சு நீண்டது. பேசிக்கொண்டே நடந்ததில் வாசல் பின்னால் போய்விட்டது. திரும்பிப் போக அந்த வழியில் இடமில்லை. அப்போதுதான் இரும்பு முதல் தடவையாகக் குரலை உயர்த்தியது.

"தினமும் இதே கதைதான். நான் வாசல் வரைக்கும் வாறேன், நீ கையப் பிடிக்குற, ரெண்டு பேரும் வெளிய போயிடுறோம். அங்க சிஸ்டர் அவளைத் திட்டுறாங்க."

"நானா? அவ மேல எனக்கு இருக்குற பிரியம் உனக்குத் தெரியுமா?"

"பிரியம் இருக்கட்டும். உன் கையில இருக்குறது யார் கைன்னு பாரு."

தேநீர் குனிந்து பார்த்தது. இரும்பின் கையை அது இன்னும் விடவில்லை.

மறுநாள் காலையில் பிளாஸ்க்கில் இறங்கிய புதுத் தேநீருக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஒரே செடியின் பிள்ளைகள். அவர்களுக்குள் ரகசியம் நிற்காது; தோட்டத்து எல்லாப் பிளாஸ்க்கிலும் அன்று இதே பேச்சுதான்.

"அண்ணே, மத்தியானம் அவ திறந்தா நீ வாயத் திறக்காதே," என்று பிளாஸ்க்கிடம் கெஞ்சியது.

"ஆறிப் போவியே. அவளும் ஏங்கிப் போவாளே."

"ஏங்கட்டும். என்னை அப்புறம் விடு."

மதியம் விசில் ஊதியது. தங்கபுஷ்பம் மூடியைத் திருகினாள். அசையவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினாள். ம்ஹும்.

"ஏட்டி, மூடியத் தொறக்கவே தெம்பில்ல, நீ எங்க பிள்ளையப் பெத்து எடுக்கப் போற? இந்தா, என்னோடதக் குடி," என்று லூர்து தன் பிளாஸ்க்கை எடுத்தாள். லூர்து அவளுக்கு அடுத்த நிரையில் பறிக்கிறவள். வாய்த்துடுக்கு, ஆனால் மனசு வெல்லம்.

லூர்துவின் மூடியும் திறக்கவில்லை. அதற்கடுத்தவள் மூடியும் திறக்கவில்லை. சரிவு முழுக்கப் பெண்கள் பிளாஸ்க்கைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள்.

"என்ன மயினி, பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"கங்காணி கண்ணு பட்டிருக்கும். போட்டுட்டுச் சாப்பிடுங்கட்டி, விசில் ஊதிரப் போறான்."

டீ இல்லாமல் வெறும் சோறு இறங்க மறுத்தது. ஓடையோரத்தில் ஒரு காட்டு நெல்லி மரம் இருந்தது. லூர்து ஒரு கை பறித்து வந்தாள். நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தங்கபுஷ்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை ஓடைத் தண்ணீரில் விழுங்கினாள்.

உள்ளே இரும்பு பயந்து பயந்து நடந்தது. அதன் கையை யாரும் பிடிக்கவில்லை. நெல்லிச் சாறுதான் பின்னாலிருந்து முதுகில் கை வைத்து, "கூச்சப்படாத, உன் வீடுதான், போ" என்று தள்ளிவிட்டது. இரும்பு வாசலைத் தாண்டியது.

சாயங்காலம் கொழுந்தை எடை போடுகிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது மூடிகள் தொட்டதும் திறந்துகொண்டன. "இப்ப மட்டும் எப்படிட்டி?" என்று சிரித்துக்கொண்டே குடித்தார்கள். தேநீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ருசித்தது.

மூடிகளின் பிடிவாதம் வாரக்கணக்கில் நீண்டது. பெண்களுக்கு அது பழகிவிட்டது.

அடுத்த தடவை சிஸ்டர் ரத்தம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏறியிருக்கு! இப்பத்தான ஒழுங்கா மாத்திரை போடுற?"

"எப்பவும் போடுறதுதான் சிஸ்டர். இப்ப தண்ணியில முழுங்குறேன். பிளாஸ்க் மூடி மத்தியானம் தொறக்க மாட்டேங்கு."

"முந்தி எதுல முழுங்குன?"

"டீயிலதான். நாங்க எல்லாரும் அப்படித்தான்."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீ இரும்புச் சத்த உள்ள விடாதும்மா. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தள்ளித்தான் குடிக்கணும். இத்தனை நாள் உன்னையத் திட்டினேனே, எதுல முழுங்குறன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு."

மறுநாள் விசில் ஊதியதும் தங்கபுஷ்பம் சோற்றைத் திறந்தாள். பழக்கம் விடுமா? கை தானாகப் பிளாஸ்க்குக்குப் போனது. மூடி, ஒரு தடையும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு திறந்தது. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்ததில் பிளாஸ்க் களைத்துப் போயிருந்தது.

ஆவி அவள் முகத்தில் அடித்தது. தேநீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அவள் ஒரு தடவை ஆசையாக முகர்ந்தாள். பிறகு மூடியைத் தானே இறுக்கிச் செடி நிழலில் வைத்தாள். "செத்த இரு, அப்புறம் வாறேன்," என்றாள்.

"யாருட்டி அது, உன் மாப்பிள்ளையா?" என்றாள் லூர்து. சரிவே சிரித்தது. சிரித்துக்கொண்டே லூர்துவும் தன் பிளாஸ்க்கைத் தள்ளி வைத்தாள்.

குழந்தை அந்த டிஸ்பென்சரியிலேயே பிறந்தது. ஜீப் தேவைப்படவில்லை.

அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் தேநீர்தான் எல்லோருக்கும் செல்லம். சோற்று வேளையில் மட்டும் அது வாசலிலேயே நின்றுகொள்ளும்; கூப்பிட்டால்தான் உள்ளே வரும்.